அடங்காத கோபத்துக்கு மனநல சிகிச்சை

வாரத்துக்கு 3 முறையாவது கோபம் வெடிக்கும். மற்ற நேரமும் பெரும்பாலும் சிடுசிடுப்பாகவே கழியும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில், ஓராண்டுக்கும் மேலாக ஒரு குழந்தை இப்படி இருந்தால், அது வெறும் பிடிவாதம் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனி மனநிலைக் கோளாறாகச் சேர்த்தது. 6 வயதுக்கு முன்பு இந்த முடிவுக்கு மருத்துவர்கள் வருவதில்லை.

அறிதல் நடத்தை சிகிச்சையில், முகம் சூடாவது, கை முஷ்டியாக இறுகுவது போன்ற முன்னறிகுறிகளைக் குழந்தை கவனிக்கப் பழகுகிறது. வகுப்பில் ஒருவன் இடித்துவிட்டால், அது வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா என்று நிதானித்து யோசிக்கவும் கற்கிறது. சில சிகிச்சையாளர்கள், குழந்தை ஆர்வமாக ஆடும் விளையாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, ஏமாற்றத்தைப் படிப்படியாகத் தாங்கப் பழக்குகிறார்கள்.

பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. சின்னச் சிணுங்கல்களைப் பொருட்படுத்தாமல் விடுவது, "சொன்னதும் டிவியை அணைத்துவிட்டாயே" என்று நல்லதை அப்போதே குறிப்பிட்டுப் பாராட்டுவது, விதிகளை நாளுக்கொன்றாக மாற்றாமல் இருப்பது ஆகியவை அதன் அடிப்படை. 1970-களில் அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய முறை 2 முதல் 7 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதில் தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாட, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிகிச்சையாளர் காதொலிப்பான் வழியே உடனுக்குடன் வழிகாட்டுவார்.

கவனக்குறைவு, பதற்றம், மனச்சோர்வு போன்றவையும் சேர்ந்திருந்தால் மருத்துவர் மருந்து தரலாம். அடி, திட்டு எதுவும் சிகிச்சை ஆகாது.