முதுமையில் காக்க வேண்டிய இலக்கம்

இக்காலத்தில் களவு போகும் பொருள்களுள் பெயரும் ஒன்றாகிவிட்டது. இலங்கையில் 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில், முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதையும் காட்டுவன. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே, இலக்கத்தை அறிந்தவன் உரியவரின் வயதையும் அறிந்தவனாகின்றான்.

அவன் வங்கி அலுவலர்போலப் பேசி, ஓய்வூதியம் தடைப்படுமென அச்சுறுத்தி, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பான். எவ்வங்கியும் அதனைக் கேட்பதில்லை. உடனே அழைப்பைத் துண்டித்து, வங்கி அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துடன் தாமே தொடர்புகொண்டு விசாரித்தல் வேண்டும். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்க நேரின், எக்காரியத்துக்கு, எந்நாளிற் கொடுக்கப்பட்டது என அதன் குறுக்கே எழுதுதல் நன்று.

ஏமாந்தவர் நாணி மறைத்தல் திருடனுக்கே துணையாகும். வங்கிக்கும் பொலிசாருக்கும் அன்றே அறிவித்தலே அறிவுடைமை.