தாய்வழி சொல்லும் தீவுக் கதை



உயர்தர வகுப்பில் நாம் படித்த இழைமணி நினைவிருக்கிறதா? அதன் டீ.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. அதைக்கொண்டு 1990களில் ஆய்வாளர்கள் தென்னை நண்டுகளின் உறவுமுறையைத் தேடினர்.

வளர்ந்த தென்னை நண்டுக்கு நீந்தத் தெரியாது, கடலில் மூழ்கிவிடும். சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதக்கும் குடம்பிகளே தீவுகளை இணைக்கின்றன. ஆனாலும் இந்து சமுத்திரத்துக் கிறிஸ்மஸ் தீவின் நண்டுகள் பசிபிக் நண்டுகளிலிருந்து தெளிவாக வேறுபட்டிருந்தன. அங்கே அவை அழிந்தால், பசிபிக் குடம்பிகள் வந்து இடத்தை நிரப்பும் என்று நம்பியிருக்க முடியாது. அந்தத் தாய் நண்டுகளை அங்கேயே காக்கவேண்டும்.

நூறாண்டு கண்ட நம் கல்லூரியையும் வேறெவரும் வந்து காக்கப்போவதில்லை. எங்கிருந்தாலும் அது நம் பொறுப்பு.