ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியர்; திக்கிப் பேசுபவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆளரவமற்ற அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்ப நினைத்தார். லண்டன் நூலகங்களைப் பார்த்தபின் மனம் மாறியது. 1931-இல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து கிராமங்களுக்குப் புத்தகங்கள் மாட்டுவண்டியில் போயின. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் இத்தகைய நூலகம் கொடையாளிகளின் தயவில் நிற்கக் கூடாது என்று ரங்கநாதன் வாதாடினார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது ரூபாய்க்கு 10 காசு. வாசகர் வராத நூலகத்தைச் சட்டம் மட்டும் காப்பாற்றாது. உங்கள் ஊர் நூலகத்தில் இன்றே உறுப்பினர் ஆகுங்கள்.