திரையில் ஒரு காதல், நம் ஊரில் ஒரு காதல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2004இல் இங்கே சேர்ந்து 2008இல் வெளியே போனவன். மெஷினோடு பேசிப் பழகியவனை மைக்கோடு பேசச் சொல்லிவிட்டார்கள். 'சினிமாவும் கல்லூரி வாழ்க்கையும்' என்று தலைப்பும் கொடுத்தார்கள். லேப் ரெக்கார்டை அப்படியே போட்டுவிட்டு, சைக்கிளில் டபுள்ஸ் அடித்துச் சிதம்பரம் தியேட்டருக்குப் போன கூட்டம்தானே நாம? அதனால் தைரியமாக ஒத்துக்கொண்டேன்.

எனக்குப் பெரிய ஏமாற்றம் தந்த ஒரு மலையாளப் படத்திலிருந்து தொடங்குகிறேன். பெயர் 'ஒரு அடார் லவ்'. அடார்னா 'பிரமாதம்'னு அர்த்தமாம். 2018 பிப்ரவரியில் அதிலிருந்து ஒரு பாட்டு மட்டும் முதலில் வந்தது. பழைய மாப்பிளப் பாட்டு ஒன்றின் புது வடிவம். யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் புருவத்தைத் தூக்கி, ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிரியா பிரகாஷ் வாரியர். நாடே சொக்கிப் போச்சு. அந்தப் பாட்டின் மேல் ஐதராபாத்தில் வழக்குப் பதிவாகி, உச்ச நீதிமன்றம் வரை போய், அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்தானது. ஓராண்டு காக்க வைத்து, 2019 காதலர் தினத்தன்று படம் வெளிவந்தது. இயக்குநர் ஒமர் லுலு.

திருச்சூர்க்கார நண்பர் ஒருவரோடு போய்ப் பார்த்தேன். இடைவேளையில் அவர் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார். பிளஸ் ஒன் பிள்ளைகளின் கதை அது. ஆனால் அங்கே யாருக்கும் பரீட்சை பயம் இல்லை, ஃபீஸ் கட்டுகிற கவலை இல்லை. கூட இருக்கிற நண்பர்களுக்கு ஒரே வேலை, யாரையாவது யாரோடாவது சேர்த்துவைத்துக் கிண்டல் அடிப்பது. கண் சிமிட்டி முடிந்த பிறகு படத்துக்குச் சொல்ல விஷயமே இல்லை. கடைசியில், முன்னுக்குப் பின் தொடர்பே இல்லாமல், எங்கிருந்தோ ஒரு கும்பல் வந்து காதலர்களைச் சீரழித்துக் கொன்றுவிடுகிறது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே முடிவை மாற்றி மறுபடி ஓட்டினார்கள்.

மலையாளத்தில் நல்ல வளாகப் படங்கள் இல்லாமல் இல்லை. 2006இல் லால் ஜோஸ் எடுத்த 'கிளாஸ்மேட்ஸ்' கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் எடுத்த படம். நம்மைப் போல முன்னாள் மாணவர்கள் ஒன்றுகூடுவதில்தான் கதை நடக்கும். தேர்தல் சண்டை, ஹாஸ்டல் பகை எல்லாம் இருக்கும். அதில் வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவரின் காதல் மட்டும் கூடப் படித்தவர்களுக்கே தெரியாமல் இருக்கும். ஏன் மறைத்தார்கள் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயம் 'அடார் லவ்'வில் இல்லை. என் ஏமாற்றம் அதுதான்.

அந்தப் பயம் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 2003 மே மாதம் முருகேசன் என்ற வேதிப் பொறியியல் பட்டதாரியும் கண்ணகி என்ற பெண்ணும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்தவர்கள். அவர் தலித், அந்தப் பெண் வேறு சாதி. ஜூலையில் இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்துவிட்டார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2021இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதில் இரண்டு பேர் போலீஸ்காரர்கள். 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. சினிமாவில் என்றால் சில நாளில் முடிவை மாற்றிவிடலாம்.

அந்தக் கொலை நடந்த மறுவருஷம் நான் இங்கே சேர்ந்தேன். நாலு வருஷமும் அதைப் பற்றி எங்களில் ஒருத்தரும் பேசவில்லை. ஆனால் கிண்டல் மட்டும் நிறையப் பண்ணினோம்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன், ஒரு பெண். லைப்ரரியில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பார்கள், அவ்வளவுதான். அவன் கேன்டீனுக்குள் வந்தால் நாங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவோம். ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலும் கத்தினோம். அதில் என் குரலும் இருந்தது. பஸ்ஸுக்குள் அவளுடைய சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் செமஸ்டர் ஹால் டிக்கெட்டை வாங்கவும் ஆள் வரவில்லை. அவன் எப்படியோ படித்து முடித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு சந்திப்புக்கும் அவன் வந்ததில்லை. நாங்களும் 'ஏன்டா வரலை'ன்னு கேட்டதில்லை.

தம்பிகளே, தங்கைகளே, காதலியுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தவர் பெயரை நடுத்தெருவில் கத்தாதீர்கள். உங்களுக்கு அது தமாஷ், அந்தப் பெண்ணுக்கு அது படிப்பு, சில சமயம் உயிர். யாருக்காவது வீட்டிலிருந்து மிரட்டல் வந்தால் அவர்களைத் தனியாக விடாதீர்கள். இப்படிப்பட்டவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மலரின் பேட்ச் பட்டியலில் பட்டம் வாங்கியவர்கள் பெயர்தான் இருக்கிறது. நம்மோடு இரண்டு வருஷம், மூன்று வருஷம் படித்து இடையில் நின்றவர்களையும் தேடிப் பிடித்து, அவர்கள் சம்மதித்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். 2008 பேட்ச்சுக்கு அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய வீடு ஒன்று எனக்கு இருக்கிறது.