தேவதை வேண்டாம், செவிலியர் போதும்

இன்று பட்டம் பெறும் இளம் செவிலியர்களே,

பேட்டையில் பிறந்து, செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் ஊரிலேயே என்னைப் பேச அழைத்ததற்கு நன்றி.

இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று சேரும்போது கேட்டிருப்பார்கள். "சேவை செய்ய" என்று சொல்லியிருப்பீர்கள். வீட்டில் பேசிய காரணம் வேறாக இருந்திருக்கும். நீட் மதிப்பெண் போதவில்லை. நர்ஸுக்குப் படித்தால் வேலை நிச்சயம் என்று சித்தி சொன்னாள். வெளிநாடு போகலாம். அம்மா பீடி சுற்றி அடைக்கிற கடனில் பாதியைத் தோளில் வாங்கிக்கொள்ளலாம். இதில் எதற்கும் கூச்சப்பட வேண்டாம். பொறியியல் படிக்கிற பிள்ளையும் சம்பளத்தை நினைத்துத்தான் படிக்கிறான். அவனிடம் யாரும் தியாகம் கேட்பதில்லை.

நம்மிடம் மட்டும் கேட்கிறார்கள். மேடையில் 'தேவதை' என்பார்கள். தேவதைக்குப் பசிக்காது, வீட்டு வாடகை கிடையாது என்று அவர்களே முடிவும் கட்டிவிடுவார்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகமான டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஆகவே புகழ்ச்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தையும் மறக்காமல் கேளுங்கள்.

எதற்காக வந்தீர்கள் என்பது முடிந்த கதை. நாலு வருஷப் படிப்பு உங்களுக்கு என்ன தந்தது? என்னைக் கேட்டால், பார்க்கப் பழக்கியிருக்கிறது என்பேன்.

பிரசவ அறையை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதுவிட்டது. வெளியே சொந்தக்காரர்கள் சீனி கொடுக்கிறார்கள். எல்லார் கண்ணும் பிள்ளை மேல். செவிலியரின் கை மட்டும் தாயின் அடிவயிற்றில் இருக்கிறது. கருப்பை இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று கிடக்கிறதா? பேடு எவ்வளவு நனைந்திருக்கிறது? முதலில் 84 இருந்த நாடி அடுத்த முறை 100, அதற்கடுத்து 116. பி.பி. இன்னும் சரியாகத்தான் காட்டுகிறது. "பி.பி. நார்மல்தானே" என்று விட்டால் போச்சு. இளம் உடம்பு இரத்த இழப்பைக் கொஞ்ச நேரம் மறைத்துவைக்கும்; நாடி முதலில் ஓடும், பி.பி. பிந்தித்தான் விழும். அந்த இடைவெளிக்குள் கருப்பையைத் தேய்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்சிடோசின் ஏற்ற ஏற்பாடு செய்தால் அந்தப் பெண் பிழைத்தாள். நம் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் முறை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறார்களே, அந்த ஏற்பாடே இப்படிப்பட்ட கண்ணையும் கையையும் நம்பித்தான் நிற்கிறது.

நீங்கள் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்தீர்கள். நைட்டிங்கேல் அம்மையாரின் கையில் விளக்கைத்தான் படத்தில் வரைகிறார்கள். 1854-இல் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன அவர், போரில் காயத்தால் செத்த சிப்பாய்களைவிட நோயால் செத்தவர்கள் அதிகம் என்பதைப் பிற்பாடு கணக்கெடுத்து, வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர், இங்கிருந்த பட்டாள முகாம்களின் தண்ணீரையும் சாக்கடையையும் பற்றிய விவரங்களைக் கேட்டு வாங்கிப் படித்து, 1863-இல் வெளியான ராணுவ சுகாதார அறிக்கைக்குத் தன் கருத்தை எழுதினார். ஆட்சியாளர்களை அசைத்தது அவருடைய கணக்கு நோட்டு.

நம் ஊருக்கும் அந்தக் கண் வேண்டும். நம் ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு இருமலோடு ஒரு ஆச்சி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை என்று கேட்டால் "சும்மா வீட்லதான் இருக்கேன் தாயி" என்பார். 'இல்லத்தரசி' என்று எழுதி முடித்துவிடலாம். பீடித் தொழில் நடக்கிற பேட்டை, மேலப்பாளையம் பக்கத்துப் பிள்ளை அவர் விரலைப் பார்த்துவிட்டு, "பீடி சுத்துவீங்களா ஆச்சி?" என்று கேட்கும். "அது சின்ன வயசுலேருந்து சுத்துதேன்" என்று பதில் வரும். இத்தனை வருஷமும் புகையிலைத் தூசியை மூச்சில் இழுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் கேஸ் ஷீட்டில் ஏறும். இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் உங்களை விட்டால் யார்?

இந்தப் படிப்புக்குக் கௌரவம் சும்மா வந்துவிடவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் செவிலியர் பள்ளி தொடங்கியது 1909-இல். மற்றவர் உடம்பைத் தொடுகிற வேலை, இரவில் வெளியே தங்குகிற வேலை என்று குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. சென்னை மாகாணத்தில் செவிலியர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது 1926-இல். பட்டப்படிப்பாக வளர்ந்தது 1946-இல், வேலூரிலும் டெல்லியிலும். நர்ஸ் என்றால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்த காலத்தை உங்கள் பாட்டிமார் சொல்வார்கள். இன்று இந்த வரிசையில் பையன்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

வெளிநாடு போகிறவர்கள் குற்ற உணர்வு இல்லாமல் போய் வாருங்கள். இங்கே இருப்பவர்கள் மேலே படியுங்கள். எழுதிக்கொடுத்த மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால், எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒருதரம் கேட்டுவிட்டுப் போடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

கடைசியாக ஒன்று. வேலை நெருக்கும், நாற்பது நோயாளிக்கு நீங்கள் ஒருவராக நிற்கிற இரவு வரும். உட்கார்ந்த இடத்திலேயே சார்ட்டை நிரப்பிவிடலாம் என்று கை போகும். எழுதாமல் விட்ட கட்டத்தைப் பார்த்தால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் எழுந்து போய்ப் பார்ப்பார். பொய்யாக எழுதிய 84-ஐப் பார்த்தால் யாரும் போக மாட்டார்கள். பார்க்காத நாடியை மட்டும் எழுதாதீர்கள்.