பொன்விழா நம்மிடம் கேட்பது என்ன?

(பங்கின் பொன்விழா ஆண்டுத் தொடக்க நாளன்று, மாலைத் திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது கோவில் கட்டி முடிக்கப்பட்டு, நமது ஊர் தனிப் பங்காகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுறுகின்றன. முகப்பில் புது வளைவு எழுந்திருக்கிறது. கெபிக்கு விளக்கு வந்திருக்கிறது. கொடிமரம் புது வண்ணத்தில் நிற்கிறது. இவற்றுக்காக இரவு பகல் பாராது உழைத்த ஊர் நிர்வாகக் குழுவினருக்கும், இளைஞர்களுக்கும், பொருள் தந்த அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

ஆயினும் அன்பானவர்களே, கட்டியெழுப்பியதைப் பற்றிப் பேச நான் இங்கு நிற்கவில்லை. இறக்கிவைக்க வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேசவே நிற்கிறேன்.

"யூபிலி" என்னும் சொல் எங்கிருந்து வந்தது? "யோபேல்" என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கிடாயின் கொம்பை அச்சொல் குறிக்கும். ஐம்பதாவது ஆண்டில், பாவப் பரிகார நாளன்று, நாடெங்கும் அந்தக் கொம்பு ஊதப்பட வேண்டும் என்று லேவியர் நூல் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கொம்பொலி கேட்டதும் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். அடிமைகள் விடுதலை பெற்றுத் தம் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய உரிமைக் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். மண்ணுக்கும் ஓய்வு தர வேண்டும்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். நாம் வயலை ஒத்திக்கு வைக்கிறோம் அல்லவா? இஸ்ரயேல் நாட்டில் நில விற்பனை ஏறக்குறைய ஒத்தியைப் போன்றதுதான். அடுத்த யூபிலிக்கு இன்னும் எத்தனை விளைச்சல் இருக்கிறது என்று எண்ணி, அதற்கேற்ற விலையைத்தான் வாங்க முடியும். நிலம் ஆண்டவருடையது, எனவே எவரும் அதை என்றென்றைக்கும் விற்றுவிட முடியாது. எவ்வளவு நொடித்துப்போன குடும்பமானாலும், ஒரு மனித ஆயுளில் ஒரு முறையாவது தலைநிமிர்ந்து மீண்டும் தொடங்க வழி இருக்க வேண்டும். இதுவே யூபிலியின் உட்பொருள்.

நம் ஆண்டவர் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை விரித்து வாசித்தபோது, ஏழைகளுக்கு நற்செய்தியையும், சிறைப்பட்டோருக்கு விடுதலையையும், ஆண்டவரின் அருள்தரும் ஆண்டையும் அறிவித்தார். அந்த மறைநூல் வாக்கு அன்றே நிறைவேறிற்று என்றும் கூறினார். எனவே யூபிலி என்பது ஆண்டவர் தம் பணியின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்ட காரியம்.

திருச்சபையும் இதை மறந்துவிடவில்லை. 1300ஆம் ஆண்டில் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனித வாயிலைத் திறந்து 2025ஆம் ஆண்டின் யூபிலியைத் தொடங்கிவைத்தார். அந்த யூபிலியை அறிவித்து எழுதிய மடலிலேயே, ஒருபோதும் திருப்பிச் செலுத்த இயலாத ஏழை நாடுகளின் கடன்களை விட்டுவிடும்படி செல்வ நாடுகளைக் கேட்டுக்கொண்டார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விடுத்த அழைப்பு நம் ஊருக்கும் சேர்த்துத்தான்.

"சாமி, செல்வ நாடுகளுக்குச் சொன்னதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்? நாங்கள் யாருக்குக் கடன் கொடுத்தோம்?" என்று நீங்கள் கேட்கலாம். பொறுங்கள், சொல்கிறேன்.

நமது கோவிலில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. முதலாவது, கோவில் கட்டிய காலத்தின் நோட்டு. அட்டை கிழிந்து, ஓரங்கள் செல்லரித்து, சக்ரீஸ்து அறையின் பழைய அலமாரியில் கிடந்தது. போன மாதம் அதை எடுத்து இரவெல்லாம் வாசித்தேன். ஒரு வீட்டார் இரண்டு கருப்பட்டிச் சிப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் மூன்று நாள் வண்டி மணல் அடித்திருக்கிறார். வாரந்தோறும் பிடியரிசி சேர்த்த தாய்மார்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு விதவைத் தாயின் பெயருக்கு நேரே "அரைப்படி அரிசி" என்று எழுதியிருக்கிறது. அதே பெயர் அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வருகிறது. யார் கொடுத்தார்கள் என்பது அந்த நோட்டில் உண்டு. யார் கொடுக்கவில்லை என்பது ஒரு பக்கத்தில்கூட இல்லை.

இரண்டாவது நோட்டு, வரிப் பாக்கி நோட்டு. அதில் யார் கொடுக்கவில்லை என்பது மட்டுமே இருக்கிறது. 11 குடும்பங்களின் பெயர்கள் அதில் உள்ளன. அந்தப் 11 குடும்பங்களில் எத்தனை பேர் இந்த முற்றத்தில் நிற்கிறார்கள்? நான் திருப்பலியின்போது பார்த்தேன். மூன்று குடும்பத்தாரைத்தான் கண்டேன். அவர்களும் பின்வாசல் ஓரத்தில் நின்றார்கள்.

இந்த நோட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டோ என்று நானே ஐயுற்றதுண்டு. ஏனெனில் ஒரு பழைய குற்றம் என் நெஞ்சில் இருக்கிறது. அதை இன்று உங்கள் முன் அறிக்கையிடுகிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிது. ஓர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். பங்குத்தந்தை வெளியூர் சென்றிருந்த ஒரு நாள், வயதான ஒரு தாய் இறந்துபோனார். காலையில் அவருடைய மகன் துக்க மணி அடிக்கக் கேட்டு வந்தார். மூன்று ஆண்டு வரிப் பாக்கி இருப்பதாகவும், அதைக் கட்டினால்தான் மணி அடிக்கப்படும், கல்லறையில் குழி வெட்டப்படும் என்றும் ஊரார் சொன்னார்கள். நான் தயங்கினேன். பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து, "சாமி, இது ஊர் விஷயம். நீங்க பூசையைப் பாருங்க" என்றார். நான் பேசாமல் உள்ளே போய் அமர்ந்துகொண்டேன்.

நண்பகலில் மணி அடித்தது. அந்த மகன் தன் மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். அடக்கத் திருப்பலியில் நான் நல்ல மறையுரை ஆற்றினேன். ஆண்டவரின் இரக்கத்தைப் பற்றி ஆற்றினேன்! அந்த மகன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பிறகு அவரோ அவர் பிள்ளைகளோ கோவிலுக்கு வந்ததை நான் கண்டதில்லை. அந்த ஊராரை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை என்னுடையது. எட்டு ஆண்டுகள் குருமடத்தில் வேதசாத்திரம் படித்தவன் நான், அவர்கள் அல்ல.

அன்பானவர்களே, திருச்சபைச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில், கோவிலின் தேவைகளுக்கு உதவுவது நம்பிக்கையாளரின் கடமை என்று 222ஆம் சட்டம் கூறுகிறது. ஆகவே வரி கேட்பது பிழையன்று. விளக்குக்கும், கூரைக்கும், உபதேசியார் சம்பளத்துக்கும் பணம் வேண்டும். ஆனால் வறுமை காரணமாக எவரும் அருட்சாதனங்களை இழந்துவிடக் கூடாது என்று 848ஆம் சட்டம் எச்சரிக்கிறது. அடக்கச் சடங்கில் ஆள் பார்த்து நடத்தக் கூடாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று 1181ஆம் சட்டம் கூறுகிறது. இம்மூன்றையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். முதலாவதை மட்டும் வாசித்துவிட்டு மற்ற இரண்டையும் மூடிவைப்பது முறையாகுமா?

நம் பகுதியின் வரலாறு ஒன்றையும் நினைவுகூருங்கள். வடக்கன்குளம் நமக்கு அந்நியமான ஊர் அன்று. 1745ஆம் ஆண்டில் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான். மனிதர் அனைவரும் சமம் என்று வற்புறுத்தியதால் பகையைத் தேடிக்கொண்டு, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்விட்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் ஞானத் தண்ணீர் பெற்ற அதே ஊரில், பின்னாளில் கட்டப்பட்ட கோவிலில், சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்க நடுவே சுவர் இருந்தது. இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினையை உரிமையாகக் கேட்டவர்கள் தோற்றார்கள். அந்தக் கோவிலுக்குப் புதுப்பித்தல் வந்தது ஒரு சுவர் விழுந்ததால்.

நம் கோவிலில் கல் சுவர் இல்லை. ஆனால் காகிதச் சுவர் ஒன்று இருக்கிறது. நாற்பது பக்கம் உள்ள ஒரு நோட்டுப் புத்தகம், 11 குடும்பங்களைப் பின்வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

பவுல் அடிகளார் கொரிந்து நகரத்தாரை எதற்காகக் கடிந்துகொண்டார்? ஆண்டவரின் விருந்துக்குக் கூடிவந்தவர்களில் வசதியுள்ளோர் முந்தி உண்டார்கள். இல்லாதோர் பசியோடு இருந்தார்கள். அது ஆண்டவரின் விருந்தே அன்று என்று அடிகளார் சொல்லிவிட்டார். நாமும் விழாவின் இறுதி நாளில் அசனம் வைக்கப்போகிறோம். ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம் என்று பெருமையோடு சொல்கிறோம். வரிப் பாக்கி உள்ளவர்கள் அந்தப் பந்தியில் கூசாமல் வந்து அமர முடியுமா? முடியாதெனில் அது சமபந்தி ஆகுமா?

ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தை நாள்தோறும் சொல்கிறோம். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், நாம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் "கடன்கள்" என்னும் சொல்லே உள்ளது. பதினாயிரம் தாலந்து கடனை விட்டுவிடப்பட்ட ஊழியன், நூறு தெனாரியம் கடன்பட்ட தன் உடன் ஊழியனின் கழுத்தைப் பிடித்து நெரித்த உவமையும் நமக்குத் தெரியும். கடன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் செபத்தை எப்படிச் சொல்வோம்?

நிர்வாகக் குழுவினரோடு இதுபற்றி மூன்று முறை கூடிப் பேசினேன். பெரும்பாலோர் இசைந்தார்கள். சிலர் இன்னும் இசையவில்லை. "பாக்கியைத் தள்ளிவிட்டால் ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான். கஷ்டத்திலும் கடன் வாங்கி வரி கட்டியவர்கள் இங்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: நீங்கள் கட்டியது வீண் போகவில்லை, இந்த விளக்கு உங்கள் பணத்தில் எரிகிறது. அதன் வெளிச்சத்தில் உங்கள் அண்டை வீட்டாரும் வந்து நிற்பதால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

ஆகவே மூன்று காரியங்களைப் பங்கின் முன் வைக்கிறேன். முதலாவது, இந்நாள் வரையுள்ள பாக்கி முழுவதும் இப்பொன்விழாவில் விட்டுவிடப்பட வேண்டும். இரண்டாவது, இனி ஒவ்வொரு குடும்பமும் தன் சக்திக்கேற்பக் கொடுக்கட்டும்; இயலாதவர்கள் என்னிடமோ அன்பியப் பொறுப்பாளரிடமோ தனியே சொன்னால் போதும்; வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோவிலில் வாசிப்போம். மூன்றாவது, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றோடு வரிப் பேச்சை எவரும் இணைக்கக் கூடாது. நான் இங்கு பங்குத்தந்தையாக இருக்கும் வரை துக்க மணிக்குக் கணக்குக் கேட்கப்பட மாட்டாது. தேவையானால் கயிற்றை நானே இழுப்பேன்.

அசனத்துக்கு முன் அந்தப் 11 வீடுகளுக்கும் நான் நடந்து செல்லப் போகிறேன். நிர்வாகிகளும் அன்பியப் பொறுப்பாளர்களும் என்னோடு வாருங்கள். வாசலில் நின்று, "உங்கள் பாக்கி தீர்ந்தது" என்று மட்டும் சொன்னால் போதாது. "உங்களைப் பார்க்காமல் இருந்தது எங்கள் பாக்கி" என்றும் சொல்வோம். மன வருத்தத்தால் ஒதுங்கியிருக்கும் குடும்பத்தாரே, இந்த உரை மலரில் அச்சாகி உங்கள் கைக்கு வந்தால், உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்று: நாங்கள் வரும்போது கதவைத் திறவுங்கள்.

அரைப்படி அரிசி கொடுத்த அந்தத் தாயின் வழிவந்த ஒரு குடும்பத்தின் பெயர் இன்று இரண்டாம் நோட்டில் இருக்கிறது என்பதை அறிந்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த அரிசியும் சேர்ந்துதான் இந்தச் சுவர்களை எழுப்பியது. அவர் பேரப்பிள்ளைகள் பின்வாசலில் நிற்கலாமா?

கொம்பு ஊதப்பட்டுவிட்டது, அன்பானவர்களே. கேட்கச் செவியுள்ளவர்கள் கேட்போமாக. நம் பங்கின் பாதுகாவலியான அன்னை மரியாள் நமக்காகப் பரிந்து பேசுவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், இங்கிருப்போரையும் இங்கு வர இயலாதோரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.