சரிவு நிலத்திற் செம்பு

திருடரை விலக்கத் தெளித்த கரைசலொன்று பயிரின் உயிரைக் காத்த கதை பிரான்சு நாட்டிலே நிகழ்ந்தது. போர்தோ நகரையடுத்த மெடோக் பகுதியில், வழிப்போக்கர் முந்திரிகைக் குலைகளைப் பறித்துண்ணாதிருக்கும் பொருட்டு, பாதையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பர். 1882ஆம் ஆண்டு அவ்வழி சென்ற தாவரவியற் பேராசிரியர் மில்லார்தே, ஏனைய கொடிகள் பங்கசு நோயால் இலையுதிர்த்து நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமை குன்றாதிருக்கக் கண்டார். 1885இல் அவர் வெளியிட்ட போர்தோ கலவை ஐரோப்பிய முந்திரிகைத் தோட்டங்களைக் காத்தது.

ஆயினும், செம்பு ஒரு மூலகம், அது சிதைந்தழிவதில்லை. மழை இலையைக் கழுவுந்தோறும் மீண்டும் தெளித்தல் வேண்டும். கழுவுண்ட செம்பு மேல்மண்ணின் உக்கலோடும் களியோடும் பிணைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஆழ வேரோடிய முதிய கொடிக்கு இதனால் அதிக கேடில்லை, மண்புழுவுக்கே முதற்கேடு. பழங்கொடியைக் களைந்து இளங்கன்றை நடும்போதுதான் வேர் குறுகி, இலை மஞ்சளித்து, உழவனுக்கு உண்மை புலப்படும்.

மலைச்சரிவிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. செம்பைப் பற்றியிருப்பது நுண்மண். பெருமழை அடித்துச் செல்வதும் அதனையே. மேற்சரிவில் தெளித்த செம்பு ஆண்டுகள் பல கழிந்தபின் அடிவாரத்து வயலிலும் ஓடைச்சேற்றிலும் சேர்கிறது. தெளித்தவன் ஒருவன், பெறுபவன் மற்றொருவன்! இவ்வழக்கை எந்த நீதிமன்றில் தொடுப்பது?

2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, ஒரு கிலோ மண்ணில் பொதுவாகச் சராசரி 17 மில்லிகிராம் செம்பும், முந்திரிகைத் தோட்ட மண்ணில் 49 மில்லிகிராமும் கண்டது. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம், ஹெக்டேயர் ஒன்றுக்கு ஏழாண்டுகளில் 28 கிலோவுக்கு மேற்படாதென வரையறுத்தது. செயற்கை மருந்தை ஒதுக்கும் இயற்கை விவசாயிகளே இவ்வரம்பால் மிகவும் இடர்ப்படுகின்றனர் என்பது வியப்புக்குரியது. அவர்களுக்குச் செம்பையன்றி வேறு வழி அரிது.

படிந்த செம்பை வெளியேற்றுவது எளிதன்று. வரிசைகளிடையே புல் வளர்த்து மண்ணை நிறுத்தலாம். அமில மண்ணிற் சுண்ணாம்பிட்டால் செம்பு வேருக்கு எட்டாது அடங்கும்.

இலங்கை மலைநாட்டுக்கும் இது புறம்பான செய்தியன்று. 1946இல் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய்க்கும் செம்பு மருந்துகளே தெளிக்கப்பட்டன. தேயிலை அமில மண்ணையே விரும்புவது; ஆதலால் அங்கே சுண்ணாம்பிடுவதற்கும் ஓர் எல்லை உண்டு.